ஈரலுக்குள் டேப் போகாது

மூன்றாவது எட்டை முடித்து இடுப்புக்கு வந்தபோது செண்பகவல்லிக்கு அந்த நினைப்பு மறுபடியும் வந்தது. வந்த வேகத்திலேயே அதை ஒதுக்கிவிட்டு நடந்தாள். பூங்காவில் நடக்கிறவர்களுக்கென்று மாநகராட்சி போட்டிருக்கிற பாதை எட்டு வடிவத்தில் போகும். மேல் வட்டமும் கீழ் வட்டமும் வெட்டிக்கொள்கிற இடத்தை அவள் மனசுக்குள் இடுப்பு என்றுதான் சொல்லிக்கொள்வாள். பதினெட்டு வருஷமாகக் காலனிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவளுக்கு வேறு எந்தச் சொல் வாயில் வரும்? மேல் வட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, நாலைந்து புங்க மரம். கீழ் வட்டத்தில் எண்ணெய் காணாத இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள், அவற்றில் எப்போதும் காயப்போட்டிருக்கும் யாரோ ஒருவருடைய துண்டு. தை மாதம் முடியப்போகிற மதுரைக் காலை, பெயருக்குக் கொஞ்சம் பனி. ஒன்பது மணிக்கு ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள், வெறும் வயிறு இப்போதே ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. அவளுடைய ஈரலில் எத்தனை சதவீதம் கொழுப்பு இருக்கிறது என்று அந்த ஸ்கேன் சொல்லும். பத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் அவள் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டியெடுத்து அவள் தம்பி குமரகுருவுக்கு வைப்பார்கள். இறங்காவிட்டால் வைக்க மாட்டார்கள். அவனுக்கு வேறு ஆள் இல்லை. அவன் மனைவி வாசுகியின் ரத்தம் வேறு வகை, பிள்ளைகள் சின்னவர்கள், பொதுப் பட்டியலில் காத்திருப்பதற்கு அவன் உடம்பில் நாள் இல்லை. விஷயம் இவ்வளவுதான். இதற்காகத்தான் எண்பத்து நாலு கிலோ செண்பகவல்லி எட்டு வாரமாக விடிவதற்கு முன்னால் எழுந்து எட்டின் மேல் எட்டாகப் போட்டுக்கொண்டிருந்தாள், நேற்று சாயங்காலத்து மெஷின் கணக்குப்படி எழுபத்தாறே கால் கிலோ செண்பகவல்லியாக.

முன்னால் முப்பதடி தூரத்தில் நாகநாதன் போய்க்கொண்டிருந்தார், அவள் கணவர். பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, பூங்காவிலும் அவருக்கு ஒரு எட்டு என்பது ஒரு டிரிப். காலையில் பதினாறு டிரிப், நாற்பது நிமிஷம், அரை நிமிஷம் பிந்தினால் முகம் சுருங்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை முந்நூறைத் தொட்டபோது பிடித்த எட்டு. ஒன்பது கிலோ குறைந்தார். ஒன்பது கிலோ குறைந்த ஆண்பிள்ளையைப் போல அலுப்பூட்டுகிற பிறவி இந்த உலகத்தில் கிடையாது என்பது செண்பகவல்லியின் தீர்மானமான கருத்து. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பிப்பார். "ஏரோபிக்னா என்னன்னு நெனைக்கிறீங்க? பெரிய வித்தை எல்லாம் இல்லை. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான். காத்து உள்ள போகுது, கொழுப்பை எரிக்குது, அம்புட்டுத்தான்." பக்கத்து இலைக்காரர் பாவம், வடையை வைத்துக்கொண்டு விழிப்பார். ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதையும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வாரம் நடை ஒன்றை மட்டும் நம்பி நடந்தாள், வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையைப் போல எடை இறங்கியது. இடுப்பில் அவரைப் பிடித்தாள். அல்லது அவர் அவளுக்காக வேகத்தைக் குறைத்திருக்கலாம், இன்றைக்கு அப்படியெல்லாம் செய்வார். "எத்தனை?" என்றார். "நாலு ஆரம்பம்." "ஆறாவதுதான் எனக்கு. மெதுவாவே வா, இன்னைக்கு ஒண்ணும் அவசரமில்லை." அவசரமில்லை என்று அந்த மனுஷர் வாயிலிருந்து வந்தது இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் கூடவே எழுந்தது. அதற்குள் அவர் மேல் வட்டத்துக்குள் போய்விட்டார்.

கீழ் வட்டத்தின் இரும்புகளைப் பார்த்தால் சபீனாவின் ஞாபகம் வரும். சபீனா மருந்துக்கடை மாடியில் பெண்களுக்கென்று ஜிம் வைத்திருக்கிறவள், இருபத்தாறு வயசு, கை ஒவ்வொன்றும் தேங்காய் உரிக்கிற கம்பி மாதிரி. சுடிதார் தைக்கக் கொடுக்க வந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டு, டேப்பைத் தோளில் போட்டபடி நின்றவளைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை அளந்து பார்த்தாள். "அக்கா, நடந்தா நடக்கிற வரைக்கும்தான் எரியும். பளு தூக்குனீங்கன்னா வீட்டுக்குப் போயி சும்மா உக்காந்திருக்கும்போதும் எரியும். தசை கூடக் கூட அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும்." முதல் நாள் கைக்கு மூன்று கிலோ இரும்பைக் கொடுத்து உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாள். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணம்தானே என்று இளக்காரமாக ஆரம்பித்தவளுக்கு எட்டாவதில் தொடை எரிந்தது, பத்தாவதில் மூச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை. சபீனாவை நாலு வார்த்தை திட்டலாமென்று வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. "இதுதான்க்கா அனேரோபிக். காத்து வந்து சேர்றதுக்கு நேரமில்லாம தசை தன்கிட்ட இருக்கிற சர்க்கரையை எடுத்து எரிச்சுக்கிடும்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் கணவருடைய ரகம்; திட்டக்கூட முடியாவிட்டால் சபீனாவுடைய ரகம்; செண்பகவல்லிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கே புரிந்துவிட்டது. அந்த இரும்பு ஆரம்பித்த பிறகு பன்னிரண்டு நாள் எடை மெஷின் எழுபத்தொன்பதரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது, அசையவில்லை. "நான் அப்பவே சொன்னேன்," என்றார் நாகநாதன். ஆனால் டேப் நகர்ந்தது. இடுப்பு நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டரைக்கு வந்தது. தன் ரவிக்கையைத் தானே இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்தாள், ஊக்கு வைத்திருந்த இடம் ஒதுங்கி ஒதுங்கி வந்தது. எடை மெஷினுக்குக் கறியும் தெரியாது, கொழுப்பும் தெரியாது, குடித்த தண்ணீரும் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லிவிடும். டேப்புக்கு இடம் தெரியும், எந்த இடத்தில் எது போனது என்று சொல்லும். அவள் இதைக் கணவரிடம் வாதாடவில்லை. காலையில் எட்டு, வாரத்தில் மூன்று நாள் பதினொரு மணிக்கு இரும்பு என்று இரண்டையும் வைத்துக்கொண்டாள். இப்போது குறைந்துபோன ஏழே முக்கால் கிலோவுக்கும் இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமே ஒருநாள் கேட்டாள், நடையா இரும்பா என்று. "எதை நீங்க விடாம செய்வீங்களோ அது," என்றார் அவர். கணவர் இது தனக்குச் சாதகம் என்றார், சபீனா தனக்குச் சாதகம் என்றாள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தது. இரும்பைத் தூக்கும்போது நினைப்பு கிடையாது. பத்து எண்ணுகிற வரைக்கும் உலகத்தில் தம்பி கிடையாது, ஈரல் கிடையாது, தொடை மட்டும்தான் உண்டு. நடையில் அப்படி இல்லை. கால் பாட்டுக்குக் கால், மனசு பாட்டுக்கு மனசு. காற்று தாராளமாக வருகிறது, கொழுப்புக்கு மட்டுமா வருகிறது, நினைப்புக்கும்தான். நீளத் தையல் ஓடும்போது கை ஒரு பக்கம் ஓடும், மனசு எங்கெங்கோ போய்விட்டு வரும். பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது அது நடக்காது, ஊசி முனையை விட்டுக் கண்ணை எடுத்தால் போச்சு. அதனால்தான் இந்த இரண்டு வாரமாக அவளுக்கு நடையைக் கண்டால் ஒரு தயக்கம் வந்திருந்தது. சுற்றி வந்து இடுப்புக்கு வந்ததும் அதே நினைப்பு, அதே இடத்தில், டிக்கெட் கேட்கிற கண்டக்டர் மாதிரி நிற்கிறது. ஆனால் அவள் ஒதுக்கிவிட்டால் ஒதுங்கி நிற்கிற நல்ல குணமும் அதற்கு இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் யாரோ வாசல் தெளிக்கிற மாதிரி சத்தம். குழாய் கசிகிறது. நாளைக்குத் தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்கு மூன்று ரவிக்கை கொடுக்க வேண்டும், லைனிங் வெட்டியாகிவிட்டது. ஆபரேஷன் என்றால் மூன்று மாதத்துக்கு மெஷினில் உட்காரக் கூடாதாம். கல்யாண மாதம் வைகாசி வந்துவிடும். வரட்டும், அதற்கென்ன. குமரகுருவுக்கு மஞ்சள் இப்போது கண்ணிலிருந்து இறங்கி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. ஒரு சொட்டுக் குடித்ததில்லை அவன், எப்போதோ உடம்புக்குள் புகுந்த ஒரு கிருமி இருபது வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்து ஈரலைத் தின்றிருக்கிறது. திருமங்கலத்தில் பத்திரம் எழுதுகிற மனுஷன், எல்லோருக்கும் சொத்தை எழுதிக் கொடுத்தவன், அவனைப் பார்த்து ஊர் 'ராத்திரியில தனியா ஊத்துவான் போல' என்றது. செண்பகவல்லிக்கு அந்த ஊரை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஐந்தாவது எட்டு. கொஞ்சம் வேகமாகவே நடந்துவிட்டாள், மூச்சு வாங்கியது.

அந்த மார்கழி மாதத்து டாக்டர் அறை, பக்கத்து நாற்காலியில் குமரகுரு. கொழுப்பு இருபத்திரண்டு என்றார் டாக்டரம்மா. இவ்வளவு கொழுப்போடு வெட்டினால் உங்களுக்கும் ஆபத்து, அவருக்கு வைத்தாலும் பிடிக்காது, எட்டு வாரம் தருகிறேன், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். குறைத்துக்கொண்டு வருவதற்கு அது என்ன பாவாடை உயரமா. செண்பகவல்லி கேட்டது ஒரே கேள்வி, வெட்டு எவ்வளவு நீளம் இருக்கும் என்று. டாக்டரம்மா பேனா மூடியால் காற்றில் ஒரு கோடு போட்டார், நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கி வலது விலாவை ஒட்டி வளைந்து போகிற கோடு. பதினோரு இஞ்ச் என்று அவள் மனசு உடனே சொன்னது. ஒரு பதினோரு இஞ்ச் வெட்டைத் துணியில் போடும்போது கத்தரிக்கோல் எழுப்புகிற சத்தம் அவள் காதுக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு தெரிந்திருப்பதுதான் தொந்தரவு. துணி தெரியாதவர்கள் எல்லாம் எவ்வளவு நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போகிறார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா அவளை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அம்மா, நீங்க எப்ப வேணும்னாலும் மனசு மாறலாம். கடைசி நிமிஷத்துலகூட. எங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதும். வீட்டுல 'டெஸ்ட் ஒத்து வரலை'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். ஒங்க மேல யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது." அந்த அம்மாள் இன்னும் முடிக்கவில்லை, அதற்குள் செண்பகவல்லி, "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க," என்றுவிட்டாள். ஏன் அவ்வளவு அவசரம்? யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு வேகமாகச் சொன்ன பதிலை அவளே பிறகு நம்பவில்லை. தம்பிக்கு வேண்டாம் என்று அவள் எதையும் சொன்னதில்லை, அந்தப் பழக்கத்தில் வந்த பதில் அது. தையல் கற்றுக்கொண்ட புதிதில் அவள் தைத்த முதல் சட்டை அவனுடைய பள்ளிக்கூடச் சட்டை. வலது கை ஒரு இஞ்ச் நீளமாகப் போய்விட்டது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல, நல்லாத்தான் இருக்கு என்று அந்த வருஷம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு போனான். பிள்ளைகள் கேலி பண்ணியதைப் பிறகு வேறு யாரோதான் சொன்னார்கள். அவன் எதையும் வாய் விட்டுச் சொல்ல மாட்டான், அது அவன் பிறவிக் குணம். இடுப்பு வந்தது, நினைப்பும் வந்தது, இந்த முறை அதை ஒதுக்க அவளுக்குக் கை எழவில்லை.

அது அதிரசம். வேறொன்றும் இல்லை, அதிரசம்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து குமரகுரு பொங்கல் சீர் கொண்டு வருவான். இரண்டு கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு சேலை, ஒரு தூக்குவாளி அதிரசம். அப்பா போன பிறகும் ஒரு வருஷம் தவறியதில்லை. இந்த வருஷமும் வந்தது. அவனால் வர முடியவில்லை, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது, வாசுகிதான் பஸ்ஸில் இடிபட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "அவரு ஒரே பிடிவாதம் அண்ணி. அக்காவுக்குச் சீர் போகாம பொங்கல் இல்லைங்கிறாரு. சுடச் சுடப் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒண்ணு எடுத்து வாயில போடக்கூட முடியாம." அதைக் கேட்டபோது செண்பகவல்லிக்குக் கண் நிறைந்தது. அது நிஜமாகவே நிறைந்தது, அதில் பொய் இல்லை. மறுநாள் மத்தியானம், நாகநாதன் டூட்டிக்குப் போன பிறகு, ஒன்றே ஒன்று என்று எடுத்தாள். உடன்பிறந்தான் சீரைத் தொடாமல் வைத்தால் அவனுக்கு ஆகாது என்று எடுத்தாள். நெய் விரலில் வழிந்தது. அடுத்தது வாசுகி பட்ட பாட்டுக்காக. அப்புறம் எதற்காகவும் இல்லை. நாலு மத்தியானம், அடுப்படியில் நின்றுகொண்டே, பதினொன்று. மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள், கணவர் கண்ணில் படாமல் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த வாரம் ஒன்றே கால் கிலோ ஏறியது. "இரும்பு தூக்குறேன்னு இரும்பு மாதிரி ஆயிட்ட," என்றார் அவர். "அது தசைக்கா, பயப்படாதீங்க," என்றாள் சபீனா. இரண்டு பேரும் தங்கள் தங்கள் கட்சிக்கு நியாயம் கண்டுபிடித்துக்கொள்ள, அவள் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு வெறி பிடித்தவள் மாதிரி நடந்தாள், தூக்கினாள், ராகிக் கூழும் கீரையுமாகக் கிடந்து அந்த ஒன்றே காலையும் இறக்கினாள், அதற்கு மேலும் இறக்கினாள். இடுப்பும் இன்றைக்கு முப்பத்தேழரை. ஆனால் ஈரலுக்குள் டேப் போகாது. அங்கே அந்தப் பதினோரு அதிரசம் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா, கரைந்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? ஸ்கேனுக்குத் தெரியும். ஒன்பது மணிக்குத் தெரியும்.

தின்றது பெரிசில்லை. நாக்கு உள்ள ஜீவன், தின்றுவிட்டது. தின்னும்போது மனசு எப்படி இருந்தது என்பதுதான். அதைத்தான் இரண்டு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போகிறாள். ஆறாவது எட்டின் கீழ் வட்டத்தில், அந்த யாரோ ஒருவருடைய துண்டைத் தாண்டும்போது, சரி, பார்த்துவிடுவோம் என்று பார்த்தாள். ஏழாவது அதிரசத்தைக் கடிக்கும்போது அவளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. ருசி தந்த நிம்மதி என்று அன்றைக்கு நினைத்தாள். இல்லை. ஒத்து வராமல் போய்விட்டால் என்ன என்ற நிம்மதி. ஒத்து வராவிட்டால் அழுவாள், நிச்சயம் அழுவாள், தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, என் உடம்பு இப்படிச் செய்துவிட்டதே என்பாள், ஊரே ஐயோ பாவம் என்று சொல்லும், எட்டு வாரம் விடியற்காலையில் எழுந்து நடந்தாளே மகராசி என்று சொல்லும். பதினோரு இஞ்ச் வெட்டு இருக்காது. அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டு நீட்டிய வழியை வாயால் வேண்டாம் என்று சொன்னவள், வாயாலேயே வேறு விதமாக அந்த வழியில் போயிருக்கிறாள். வேண்டாம் என்ற சொல் வராத இடத்தில் அதிரசம் போயிருக்கிறது. இதைக் கண்டதும் கால் நின்றுவிடும் என்று நினைத்தாள், நிற்கவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. தலை மேல் ஒன்றும் விழவில்லை. புங்க மரத்தில் இரண்டு மைனா சண்டை போட்டன. பயமாக இருக்கிறது எனக்கு, என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது தடவை சொன்னபோது கொஞ்சம் லேசாகவே இருந்தது. பயம் இருப்பதால் பாசம் பொய்யாகிவிடுமா? நடையும் இரும்பும் ஒரே உடம்பில்தானே நடந்தது, ஒன்று இன்னொன்றை அடித்துக்கொண்டு போகவில்லையே. ஆனால் இதை உள்ளேயே வைத்துக்கொண்டு போய் அந்த மெஷினுக்குள் படுத்தால், எந்த எண் வந்தாலும் அது அவளுக்குப் பொய்யாகத்தான் இருக்கும். பத்துக்குக் கீழே வந்தால் தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவள்; மேலே வந்தால் தப்பித்தவள். கொடுத்தவளாக ஒருபோதும் இருக்க முடியாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இடுப்பில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த நாகநாதன் ஏறக்குறைய இடித்துக்கொண்டு நின்றார். "என்ன, கிறுகிறுன்னு வருதா? வெறும் வயிறு, நான் சொன்னேன்ல?" "இல்லைங்க. குருகிட்டப் பேசணும்." "இப்பவா? மணி ஆறரைதான் ஆகுது." "முழிச்சுத்தான் இருப்பான்." உடம்பு அரிப்பு தாங்காமல் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று அவருக்கும் தெரியும். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார், பத்தாவது டிரிப் பாதியில் நிற்க.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "என்னக்கா, கிளம்பிட்டீங்களா?" குரல் மெலிந்திருந்தாலும் அதில் அந்தப் பழைய இழுவை இருந்தது. "டேய் குரு, நான் ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாத." "சொல்லு." "நீ குடுத்துவிட்ட அதிரசத்துல பதினொண்ணு தின்னுட்டேன்டா. ஒளிஞ்சு ஒளிஞ்சு. ஆசையில தின்னேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆசை இல்லடா. எனக்கு ஆபரேஷன்னா பயம். ஸ்கேன்ல ஒத்து வராமப் போயிரட்டும்னு தின்னுருக்கேன். ஒன் உசுரை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன்டா." சொல்லி முடித்துவிட்டு, கன்னத்தில் அறை வாங்கத் தயாராக நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். "பதினொண்ணுதானா?" என்றான் குமரகுரு. "நாப்பது போடச் சொன்னேன் வாசுகிய. நெய்யையும் நல்லா ஊத்தச் சொன்னேன்." "என்னடா சொல்ற?" "டாக்டரம்மா ரூம்ல, வெட்டு எம்புட்டு நீளம்னு கேட்டுட்டு, சேலைக்கு மேலயே விரலை வச்சு இங்கிட்டிருந்து அங்கிட்டு அளந்தியேக்கா. ரெண்டு தடவை அளந்த. ஒனக்கே தெரியாது, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு வேணாம்னு ஒன் வாயி சொல்லவே சொல்லாது. வேணாம்க்கான்னு நான் சொன்னாலும் நீ விட மாட்ட. அதான், தின்னுட்டு, அது பாட்டுக்கு ஒத்து வராமப் போயிட்டா, ஒன் மேல பழி இல்லைன்னு." அதற்கு மேல் அவனுக்கு மூச்சு போதவில்லை.

செண்பகவல்லிக்கு முதலில் வந்தது கோபம். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. சாகக் கிடக்கிறவன், உப்பு ஒரு கல் சேர்க்கக் கூடாதவன், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தப்பிப்பதற்கு நெய் ஊற்றச் சொல்லியிருக்கிறான். பிறகு அழுகை வந்தது, அடக்கவில்லை, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாதையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். பெஞ்சிலிருந்து நாகநாதன் எழுந்தார், அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். "அறிவு கெட்டவனே," என்றாள், குரல் வந்ததும். "எனக்கு நீ வழி பண்ணிக் குடுக்கிறியா? கேளு. எனக்குப் பயம் இருக்கு. இப்பவும் இருக்கு. அது இருந்துட்டுப் போகட்டும், அதையும் கூட்டிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இன்னைக்கு ஒத்து வரலைன்னா இன்னும் ரெண்டு வாரம் கேப்பேன். தரலைன்னா அந்த டாக்டரம்மா காலைப் பிடிப்பேன். எனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா ஒன்கிட்டயே வாய் விட்டுச் சொல்லுறேன், சரியா? இனி ஆளாளுக்கு ஒளிஞ்சு விளையாட வேணாம். எனக்கு நீ இருக்கணும்டா." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, சின்ன வயசில் காய்ச்சலில் கிடக்கும்போது உறிஞ்சுவானே, அதே மாதிரி. "இன்னொண்ணு," என்றாள். "அடுத்த பொங்கலுக்கு வாசுகிய பஸ்ல அனுப்புற வேலையெல்லாம் வச்சுக்காத. சீரை நீதான் தூக்கிக்கிட்டு வரணும்."

"ஒன் வீட்டுக்கு ரெண்டு மாடி ஏறணுமேக்கா," என்றான் குமரகுரு.

"ஏறி வாடா," என்றாள் அவள்.